நவம்பரில் வரும் ஓசனிச்சிட்டு: வாலை விட்டுவிடாதீர்கள்

அட்லாண்டா அருகே எங்கள் வீட்டுக் கொல்லையில் பல வருடங்களாக ஃபீடர், அதாவது ஓசனிச்சிட்டுக்கு (ஹம்மிங்பேர்டு) சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் குப்பி, தொங்குகிறது. புதிதாகப் பறவை பார்க்க வந்த நண்பர்கள் அனுப்பும் படங்களில் என் பழைய பிழைகளையே திரும்பப் பார்க்கிறேன். சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, சாயம் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

அக்டோபரில் ஃபீடரைக் கழற்றுவது

தொங்கவிட்டால் ஓசனிச்சிட்டு வலசை போகாது என்பார்கள். போகும். பகல் குறையக் குறைய அது தானாகக் கிளம்பிவிடும். எங்கள் ஜார்ஜியா மாநிலத்தில் கூடு கட்டும் ஒரே இனம் ரூபித்ரோட்டட், ஆணுக்குக் கழுத்து சிவப்பு. அக்டோபர் நடுவோடு அநேகமாக எல்லாம் போய்விடும். அரிய பறவை வருவதே அதற்குப் பிறகுதான். பெரும்பாலும் அது ரூஃபஸ், அலாஸ்கா வரை கூடு கட்டும் மேற்குப் பகுதி இனம்.

கழுத்து கறுப்பு

வெளிச்சம் சரியான கோணத்தில் படாவிட்டால் ரூபித்ரோட்டடின் சிவப்பும் கறுப்பாகத்தான் தெரியும், வேறு இனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்தியில் பூவைச் சுற்றும் "குஞ்சு"

உணர்கொம்பு தெரிகிறதா? அந்துப்பூச்சி.

முகத்தை மட்டும் படமெடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. ஒரு நவம்பர் காலை, முதுகு பச்சை, விலா செம்பழுப்பு, ஒரு பெண்ணோ இளசோ வந்து உட்கார்ந்தது. மூன்று நாள் இருந்தது. நாற்பது படம் எடுத்தேன், எல்லாம் அலகும் கண்ணும். விரிந்த வால் ஒன்றில்கூட இல்லை.

ரூஃபஸ் பெண்ணையும், அதைப் போலவே இருக்கும் இன்னோர் இனமான ஆலன்ஸின் பெண்ணையும் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. வாலின் ஓர இறகு ஆலன்ஸுக்குக் குறுகலாக இருக்கும், பேதம் அங்கேதான். முதுகு பச்சையான வளர்ந்த ஆண் என்றால் நடுவிலிருந்து இரண்டாம் இறகின் நுனியைப் பாருங்கள், ரூஃபஸுக்கு அங்கே ஒரு வெட்டு உண்டு. இறகு கோதும்போதும், சண்டையிலும், ஃபீடர் முன் அந்தரத்தில் நிற்கும்போதும் வால் விரியும். ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்கு வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்குக் காத்திருங்கள்.

முதல் நாளே உரிமம் பெற்ற வளையமிடுபவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். பறவையைப் பிடித்து, இறகை அளந்து, காலில் வளையம் போட்டு விட்டுவிடுவார். நான் நாலாம் நாள்தான் கூப்பிட்டேன். பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்டு தளத்தில், என் பதிவில் அது இன்னமும் "ரூஃபஸ்/ஆலன்ஸ்" என்றே இருக்கிறது.