இரண்டு பத்திகள், ஒரு மாணவர்: படித்தலையும் கேட்டலையும் சேர்த்து மதிப்பிடும் முறை

ஐந்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறிப் படித்து, ஐந்து வினாக்களில் ஒன்றுக்கு மட்டும் விடை எழுதினால், அவர் பெயருக்கு நேராகப் ‘புரிதல் குறைவு’ என்று குறித்துவிடுவது எளிது. அந்தக் குறிப்பு மறுநாள் வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. எழுத்துக் கூட்டுவதில் தடையா, சொற்பொருள் தெரியவில்லையா, எழுத்துத் தமிழே பழக்கமில்லையா, பிழையாக எழுதிவிடுவோமோ என்ற அச்சமா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு ஒரே தரத்தில் அமைந்த இரண்டு பத்திகளை எடுத்து, ஒன்றை மாணவரே படிக்கவும் மற்றொன்றை ஆசிரியர் படிக்கக் கேட்கவும் செய்து, இரு மதிப்பெண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நான் கண்டவற்றுள் பயனுள்ள வழி.

இதற்குப் பின்னால் ஒரு கோட்பாடும் உண்டு. படித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது என்று காஃப், டன்மர் என்னும் ஆய்வாளர்கள் 1986இல் எழுதினர். கூட்டல் அன்று, பெருக்கல் என்பதே இதில் முக்கியம்; இரண்டில் ஒன்று சுழியானால் மற்றொன்று எவ்வளவு இருந்தாலும் பயன் சுழிதான்.

பத்தியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. மதுரைப் பக்கத்துப் பள்ளி என்பதற்காக ஜல்லிக்கட்டைப் பற்றிய பத்தி கொடுத்து, ‘அலங்காநல்லூரில் எந்த மாதத்தில் நடைபெறும்?’ என்று கேட்டால், பத்தியைத் திருப்பிப் பார்க்காமலே வகுப்பு முழுவதும் ‘தை’ என்று எழுதிவிடும். அது புரிதலை அளக்கவில்லை. ஊர்க்காரர் என்பதைத்தான் உறுதிப்படுத்துகிறது. ஆகவே களம் பழகியதாகவும், நிகழ்ச்சி புதியதாகவும் இருக்க வேண்டும். வினாக்களைத் தயாரித்தபின், பத்தியைப் பார்க்காத இரண்டு மூன்று மாணவரிடம் அவற்றை மட்டும் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் சரியாக விடை சொல்லும் வினாவை நீக்கிவிட வேண்டும்.

இப்படி ஒரு பத்தியைக் கொள்வோம்: ‘செல்வியின் அம்மா விடியும் முன்பே தோட்டத்துக்குச் சென்று மல்லிகை அரும்புகளைப் பறித்தார். வழியில் பாலம் பழுதானதால், பேருந்து சுற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிக்கு வந்து சேரும்போது சந்தை ஓய்ந்திருந்தது. வியாபாரி, முந்தைய நாள் கொடுத்த விலையில் பாதியைத்தான் கொடுத்தார். மாலையில் வீடு திரும்பிய அம்மா, தான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்த மிதிவண்டியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. செல்வியும் கேட்கவில்லை.’

இதில் அம்மா எப்போது தோட்டத்துக்குச் சென்றார் என்பது நேரடி வினா. பத்தியிலேயே விடை கிடக்கிறது. விலை ஏன் பாதியானது என்பதற்குத் தாமதத்தையும் ஓய்ந்த சந்தையையும் இணைத்துப் பார்க்க வேண்டும். ‘ஓய்ந்திருந்தது’ என்பதன் பொருளைச் சூழலைக் கொண்டு சொல்லச் சொல்வது சொல் வினா. செல்வி ஏன் கேட்கவில்லை என்பதற்கு ஒரே விடை இல்லை. பத்தியில் வேரூன்றிய எந்தக் காரணத்தையும் ஏற்க வேண்டும். ஐந்து வினா கேட்பதாக இருந்தால் நேரடி வினாக்கள் இரண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது என் கருத்து. நேரடி வினாவுக்கு, வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதும் மாணவருக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது.

இதே நீளத்தில், இதே வகை வினாக்களோடு இரண்டாவது பத்தியையும் எழுதிக்கொண்டு, வகுப்பில் பாதிப் பேருக்கு முதல் பத்தியைப் படிக்கவும் இரண்டாவதைக் கேட்கவும், மறுபாதிக்கு மாற்றியும் கொடுத்தால், ஒரு பத்தி சற்றுக் கடினமாக அமைந்துவிட்டாலும் அந்தக் குறை ஒரு பக்கமாகச் சாயாது.

கேட்டல் சோதனைக்கு ஆசிரியர் தம் குரலைக் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்வது நல்லது. அ பிரிவுக்கும் ஆ பிரிவுக்கும் ஒரே வேகம், ஒரே அழுத்தம் கிடைக்கும். பத்தி இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் அது நினைவாற்றல் சோதனையாகிவிடும். இருமுறை ஒலிக்கவிட்டு, அதன்பின் வினாக்களை ஒவ்வொன்றாகக் கேட்கலாம். சாலையோரத்து வகுப்பறையாக இருந்தால் பேருந்துகள் குறைவாகச் செல்லும் நேரத்தைப் பார்த்துக்கொள்வதும், கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒருமுறை தாமே கேட்டுப் பார்ப்பதும் தேவை.

படித்தல் சோதனையில், மௌனமாகப் படித்து விடை சொல்ல வைத்தபின், அதே பத்தியை ஒவ்வொருவராக வாய்விட்டுப் படிக்கச் செய்து பிழைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பிழையும் ஒரே தன்மையது அன்று. ‘சென்று’ என்பதைப் ‘போயி’ என்று மாற்றிப் படிக்கும் மாணவர், பொருளை உள்வாங்கித் தம் பேச்சில் திருப்பித் தருகிறார். குறில் நெடிலை மாற்றி ‘பாலம்’ என்பதைப் ‘பலம்’ என்று படித்துவிட்டுத் தயக்கமின்றிக் கடந்து செல்பவரிடம்தான் கவனம் தேவை. நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று ஆங்கிலத்துக்கு வகுத்த அளவைத் தமிழுக்குப் பொருத்துவது சரியன்று. நம் மொழியில் உருபும் விகுதியும் ஒட்டி நீளும் ஒரே சொல், ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களாக விரியும்.

விடைகளை வாய்மொழியாகப் பெறுவதே சிறந்தது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. ‘லேட்டா வந்ததால பாதி வெலைக்கித்தான் எடுத்தாய்ங்க’ என்று ஒரு மாணவர் சொன்னால் அது முழு மதிப்பெண்ணுக்கு உரிய விடை. மொழிநடையைத் திருத்தும் வேலையை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரு மதிப்பெண்களையும் ஒப்பிடும்போது, கேட்டல் நன்றாகவும் படித்தல் தாழ்ந்தும் இருந்தால், மொழி இருக்கிறது, எழுத்துதான் தடை என்று கொள்ளலாம். அந்த மாணவருக்குச் சொற்பொருள் விளக்கங்களைவிட எழுத்தறிதலிலும் சரளமாகப் படிப்பதிலும் பயிற்சி வேண்டும். 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் என்னும் அடிப்படைக் கற்றல் திட்டத்தில், மாணவர்களைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பித்த ஆசிரியர்களுக்கு இந்தப் பயிற்சி புதிதன்று. அதற்கு முன் பார்வையையும் சோதித்துவிட வேண்டும். 1976 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கும் மதுரையில், கண்ணாடி இல்லாத குறைக்கு ஒரு பிள்ளை ‘மந்தம்’ என்று பெயர் வாங்குவது நியாயமில்லை.

படித்தல் நன்றாகவும் கேட்டல் தாழ்ந்தும் இருப்பது அரிது. அப்படி இருந்தால் முன்வரிசைக்கு மாற்றி மறுபடி சோதித்து, அப்போதும் மாறாவிட்டால் செவித்திறன் பரிசோதனைக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

இரண்டும் தாழ்ந்திருந்தால் மூன்றாவதாக ஒரு சோதனை தேவைப்படுகிறது. அதே தரத்திலான வேறொரு கதையை ஊர்ப் பேச்சில் சொல்லி, அதே வகை வினாக்களைக் கேட்க வேண்டும். அப்போது விடை தடையின்றி வந்தால், சிக்கல் அறிவில் இல்லை; ‘வந்து சேரும்போது’, ‘சொல்லியிருந்த’ போன்ற எழுத்துத் தமிழின் அமைப்புகள் காதில் விழாமல் வளர்ந்திருக்கிறார் என்று பொருள். நாள்தோறும் பத்து நிமிடம் நல்ல உரைநடையை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவதிலிருந்து தொடங்கலாம். பேச்சு நடையிலும் விடை வராவிட்டால், வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். மதுரையில் சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் பலர். அவர்களிடம் வீட்டு மொழியிலேயே கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, அம்மொழி தெரிந்த சக மாணவர் ஒருவரைத் தமிழில் கூறச் செய்தால், கதை எந்த இடம்வரை புரிந்தது என்பது தெரிந்துவிடும்.

முடிவுகளை வகுப்புப் பதிவேட்டில் எண்ணாக மட்டும் எழுதாமல், எந்த வகை வினாவில் தவறியது என்பதையும் ஒரு சொல்லில் குறித்துக்கொண்டு, எட்டு வாரம் கழித்துப் புதிய பத்திகளோடு மீண்டும் சோதிக்க வேண்டும். பழைய பத்தியைத் திரும்பக் கொடுத்தால், செல்விக்கு மிதிவண்டி கிடைத்ததா என்று பிள்ளைகள்தான் நம்மிடம் வினாத் தொடுப்பார்கள்.