மாலையோடு முடியாத நினைவு நாள்: சேலத்தில் நடத்த விரும்புவோருக்கு

சமூகம் மாற வேண்டும் என்று எழுதியும் நடித்தும் பாடியும் மறைந்த ஒருவருக்கு நினைவு நாள் எடுக்க நினைப்பவர்கள், மண்டபத்தையும் தலைமை தாங்குபவரையும் தேடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை எழுதிக்கொள்ள வேண்டும்: இவர் எதை எதிர்த்தார், அது அன்றைக்கு யாருக்குப் பொறுக்கவில்லை? அந்த விடை கையில் இருந்தால் எதைப் படிப்பது, யாரை அழைப்பது, எங்கே கூடுவது என்பவை அதிலிருந்தே தெளிவாகிவிடும். அது இல்லாமல் தொடங்கிய கூட்டம் ஒன்றில் நான் இருந்திருக்கிறேன். பொன்னாடைகளுக்கே ஒரு மணி நேரம் போயிற்று, மறைந்தவர் எழுதிய ஒரு வரிகூட அங்கே ஒலிக்கவில்லை.

பழைய சேலம் மாவட்டத்து இராசிபுரத்தில் 1887இல் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடுவை எடுத்துக்கொள்வோம். விடுதலைப் போராட்ட வீரர் என்று சொல்லி அவரை முடித்துவிடுவது எளிது. ஆனால் காங்கிரஸ் நிதியும் பெற்று நடந்த சேரன்மாதேவி குருகுலம் என்ற உறைவிடப் பள்ளியில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போடப்பட்டதை எதிர்த்துத் தம்முடைய ‘தமிழ்நாடு’ இதழில் அவர் விடாமல் எழுதியதும், அதனால் தம் கட்சிக்குள்ளேயே பகையைத் தேடிக்கொண்டதும்தான் இதழாளராக அவரை நாம் நினைப்பதற்குக் காரணம். ஆகவே அவருடைய நினைவு நாளில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பதைவிடப் பொருத்தமான மரியாதை எனக்குத் தோன்றவில்லை. சமைப்பவர் யார், பரிமாறுபவர் யார் என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். பந்தி ஒன்றாக இருந்து அடுப்படி பிரிந்திருந்தால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பேச்சாளர்களை இரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டு, மிஞ்சும் நேரத்தை மறைந்தவரின் சொற்களுக்கே கொடுக்க வேண்டும். பாரதிதாசன் என்றால் சேலத்துக்காரர்களுக்குக் கூடுதல் உரிமை உண்டு: டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட ‘வளையாபதி’ படத்துக்கு உரையாடல் எழுதியவர் அவர். ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டிவிட்டு, பிறகு கவிதை வாசிப்புக்கு உட்காரலாம். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால் கவிதைகளைத் துண்டறிக்கையாக அச்சிட்டுக் கொடுப்பதற்குத் தடை இல்லை. மற்றவர்களின் எழுத்துக்கு, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கிறது. திரைப்படத்துக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். காலம் முடியாதவற்றுக்குக் குடும்பத்தாரிடமோ பதிப்பகத்திடமோ எழுத்து வழியாக அனுமதி பெறுங்கள்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் போன்றவர்களை வெறும் வாசிப்பால் உணர்த்த முடியாது. பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும் நந்தனார் கதாகாலட்சேபத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை ரயிலேறிப் போய்ப் படித்து வருவதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன அவருடைய கிந்தனார் காலட்சேபத்தைப் பள்ளிப் பிள்ளைகளே பாடி நடிக்க, கேட்பவர்கள் சிரிக்கவும் வேண்டும், சிரித்த பிறகு யோசிக்கவும் வேண்டும். அவர் மறைந்தது 1957 ஆகஸ்ட் 30. ஜூன் மாதப் பள்ளித் திறப்போடு ஒத்திகையைத் தொடங்கினால் பிள்ளைகளுக்குப் பாட்டு மனத்தில் தங்கப் போதிய நாள் கிடைக்கும்.

நாள்களைப் பொறுத்தவரை, அழைப்பிதழ் அச்சாகும் முன் அக்காலச் செய்தித்தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுவிட்டு, அங்கே கிடைக்காதவற்றுக்குச் சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அணுகலாம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் ஒரு கூட்டம் நடத்துங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். இந்தக் கலைஞர்கள் யாருக்காகப் பேசினார்களோ அவர்களில் பலர் மலைக் கிராமங்களில் இருக்கிறார்கள், நகரத்து மண்டபத்துக்கு அவர்களை வரச் சொல்வது நியாயம் இல்லை. காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் திரும்பும் நேரத்தை ஊராரிடம் கேட்டு அதற்கேற்பத் தொடங்குங்கள்; மழையும் பனிமூட்டமும் இருக்கும் என்பதால் திறந்த வெளியை நம்பாமல் கூரையுள்ள இடத்தைப் பாருங்கள்; கீழே இறங்கும் கடைசிப் பேருந்தின் நேரத்தைத் தெரிந்துகொண்டு அதற்கு முன்பே முடியுங்கள். அந்த ஊர் மலையாளி (கேரளத்தவர் அல்லர், இம்மலையில் வாழ்பவர்கள்) பழங்குடியினர் தங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் நிகழ்த்த விரும்பினால், நிகழ்ச்சியின் நடுப்பகுதியை அவர்களுக்குக் கொடுங்கள். வரவேற்பில் ஐந்து நிமிடம் ஆடச் சொல்லி அனுப்பிவிடக் கூடாது.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் அதைப் பயன்படுத்தக் கூடாது.

மறைந்தவர்களோடு வேலை செய்த அச்சுக்கோத்தவர்கள், ஒப்பனை செய்தவர்கள், விளக்குப் பிடித்தவர்கள் ஆகியோரின் குடும்பங்கள் சேலத்தில் இன்னும் இருக்கக்கூடும். அவர்களைத் தேடி அழைத்து முன்வரிசையில் அமர்த்துங்கள். அவர்கள் கொண்டுவரும் படங்களையும் கடிதங்களையும் அங்கேயே இரண்டு நகல் எடுத்துவிட்டு, மூலத்தை அன்றே திருப்பிக் கொடுங்கள். நகலின் பின்புறம் படத்தில் இருப்பவர், எடுத்த ஆண்டு, கொடுத்தவர் பெயர் ஆகியவற்றை அவர்கள் ஒப்புதலோடு பென்சிலால் எழுதி, ஒரு நகல் தொகுப்பை ஊர் நூலகத்திலும் மற்றொன்றைக் கூட்டம் நடந்த பள்ளியிலும் ஒப்படையுங்கள்.