அடிபடாத முழங்காலை முதலில் தொடுங்கள்: விளையாட்டுக் காயத் துறைக்கு வரும் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு கால்பந்து மைதானத்தில் நின்றுகொண்டிருந்தேன். எம்.பி.டி. ஸ்போர்ட்ஸ் (விளையாட்டுப் பிசியோதெரபியில் முதுநிலை) படிக்கிற இரண்டு பேர் என்னோடு பயிற்சிக்கு வந்திருந்தார்கள். ஒருவர் மார்த்தாண்டத்துப் பையன், இன்னொருவர் எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் இருந்து வரும் பெண். ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் இருக்கும், ஒரு பையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இரண்டு பேரும் ஓடினார்கள். ஓடிய வேகம், பையைத் திறந்த விதம், அவனிடம் பேசிய தன்மை எல்லாம் சரியாகவே இருந்தது. அப்புறம் நேராக அடிபட்ட காலில் கை வைத்தார்கள். 16 வருடத்துக்கு முன் நான் செய்ததும் அதுவேதான்.

ஐஸ் கொண்டுவர மறப்பது, டேப் தீர்ந்துபோவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. முதல் வாரத்திலேயே யாராவது திட்டித் திருத்திவிடுவார்கள். யாரும் திட்டாததாலேயே வருடக்கணக்கில் கூட வரும் தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேருவது

"அமெரிக்கா போய் அத்லெட்டிக் ட்ரெய்னர் ஆகணும் சார், என்ன படிக்கலாம்?" என்று கேட்டு அடிக்கடி யாராவது வருகிறார்கள். அங்கே அத்லெட்டிக் ட்ரெய்னர் என்றால் ஜிம்மில் எடை தூக்கக் கற்றுத்தருபவர் இல்லை. காயம் வராமல் பார்ப்பது, வந்தால் மைதானத்திலேயே கண்டறிவது, அவசர சிகிச்சை, மறுபடி ஆடவைப்பது வரை எல்லாம் பார்க்கிற மருத்துவப் பணியாளர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-இலேயே இதை ஒரு மருத்துவத் துணைத் தொழிலாக ஏற்றுக்கொண்டது. இன்று இதற்குள் நுழைய முதுநிலைப் பட்டம் வேண்டும்; பழைய இளநிலைப் படிப்புகளில் 2022-க்குப் பிறகு புதிய சேர்க்கை கிடையாது. சி.ஏ.ஏ.டி.இ. என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தால்தான் பி.ஓ.சி. என்ற சான்றிதழ்த் தேர்வு எழுத முடியும். அதற்குப் பிறகு, பெரும்பாலான மாநிலங்களில், மாநில உரிமம்.

இங்கேதான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். கினீசியாலஜி (உடல் அசைவியல்), எக்சர்சைஸ் சயன்ஸ் என்று பெயருள்ள எம்.எஸ். படிப்பில் சேர்ந்துவிட்டு, தேர்வு எழுதலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கிப் போனார். இரண்டாவது பருவத்தில்தான் விஷயம் தெரிந்தது. ஏற்கெனவே சான்று பெற்றவர்களுக்கான மேற்படிப்பும் அங்கே தனியாக உண்டு; அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் ஊர் எம்.பி.டி.யை மட்டும் காட்டி அந்தத் தேர்வுக்கு உட்கார முடியாது.

நம் நாட்டில் இப்படித் தனி உரிமம் இல்லை. பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலை) முடித்து, எம்.பி.டி.யில் ஸ்போர்ட்ஸ் எடுப்பதுதான் பெரும்பாலானவர்களின் வழி. சேருவதற்கு முன் கல்லூரியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை வாரம், யாருடைய மேற்பார்வையில், எந்த மைதானத்தில் நிற்கவைப்பீர்கள்? அமெரிக்க விதிப்படி குறைந்தது 4 வாரம் தொடர்ச்சியாக, முழு நேரமும் களத்தில் இருக்க வேண்டும். பதிலாக லேப் வசதியைப் பற்றியே பேசினால் வேறு கல்லூரி பாருங்கள்.

அடிபட்ட முழங்காலில் நேராகக் கை வைப்பது

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் கால்பந்து என்றால் என்ன என்று இந்தப் பகுதிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லை தாண்டினால் பொழியூர், அங்கேயும் அப்படித்தான். நான் படிப்பு முடித்து வந்த முதல் வருடம், அந்தக் கரையில் ஒரு திருவிழாக் கோப்பைக்குப் போயிருந்தேன். விங்கில் ஆடிய பையனுக்கு 22 வயது. தங்கு கடலுக்குப் போகிற படகில் வேலை, கரைக்கு வந்தால் பந்து. யாரும் மோதவில்லை. ஓடிவந்தவன் உள்ளே வெட்டித் திரும்பினான், விழுந்தான். போய்க் கேட்டேன். "உள்ள பொட்டுன்னு ஒரு சத்தம் கேட்டுதுண்ணா" என்றான்.

அந்த ஒரு வார்த்தை போதும். மோதல் இல்லாமல் திரும்பும்போது விழுந்து, உள்ளே சத்தமும் கேட்டால், வேறு எதையும் நினைப்பதற்கு முன், முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் முன்புற நாரான ஏ.சி.எல். லிகமென்டைத்தான் நினைக்க வேண்டும். புத்தகத்தில் நான் அடிக்கோடு போட்டுப் படித்த வரி அது. ஆனால் சுற்றி முப்பது பேர் நின்று கத்துகிறார்கள், மேனேஜர் தோளில் தட்டுகிறார். முழங்காலை 90 டிகிரி மடக்கி வைத்து, கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. "சின்ன உளுக்குதான்" என்று சொல்லி டேப் சுற்றிவிட்டேன். அவனும் எழுந்து நடந்தான்.

அன்று ராத்திரியே முழங்கால் வீங்கிவிட்டது. மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று வந்தது. லிகமென்ட் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வீக்கம் வடிந்து மூன்று வாரம் கழித்து மறுபடி இறங்கினான். கால் விட்டுப்போய் விழுந்தபோது, மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்து உள்ளே மடங்கிக்கொண்டது. முதல் நாளே சொல்லியிருந்தால் லிகமென்டோடு போயிருக்கும். இப்போது அதோடு மெனிஸ்கஸில் ஒரு பகுதியையும் வெட்டி எடுக்க வேண்டிவந்தது. மாதக்கணக்கில் கரையிலேயே கிடந்தான். ஆடுகிற படகின் தளத்தில் நிற்க முழங்கால் உறுதி வேண்டும். அவனுக்குப் பந்து மட்டும் போகவில்லை, வருமானமும் போனது. அவன் அம்மா என்னிடம் கோபப்படவே இல்லை. அது இன்னும் கனமாக இருந்தது.

என்ன தவறு நடந்தது? முதலாவது, 90 டிகிரியில் இழுத்துப் பார்த்தது. புதுக் காயத்தில் வலியால் தொடையின் பின்தசை இறுகி, எலும்பைப் பின்னால் பிடித்துக்கொள்ளும். உள்ளே லிகமென்ட் அறுந்திருந்தாலும் கைக்கு உறுதியாகத்தான் தெரியும். அதனால்தான் 20 முதல் 30 டிகிரி மடக்கிப் பார்க்கிற லாக்மேன் டெஸ்ட் வந்தது. பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் லாக்மேன் கற்றுக்கொடுத்த முறை. 1976-இல் டோர்க் என்ற மருத்துவரும் சக ஊழியர்களும் அதை எழுதி வெளியிட்டார்கள். அந்தக் கோணத்தில் பின்தசையின் பிடி குறைவு.

இரண்டாவது, அதைவிடப் பெரியது: நான் அவனுடைய இன்னொரு காலைத் தொடவே இல்லை. அவனுக்கு எது இயல்பு என்று தெரியாமல் எது கோளாறு என்று எப்படிச் சொல்வேன்? லாக்மேன் டெஸ்டில் எலும்பு எவ்வளவு முன்னால் வருகிறது என்பதைவிட, கடைசியில் எப்படி நிற்கிறது என்பதுதான் முக்கியம். நல்ல லிகமென்ட் இருந்தால் கயிறு விறைத்து நிற்பது போல டக்கென்று நிற்கும். அறுந்திருந்தால் ஈரத் துணியை இழுப்பது போல, எங்கே முடிகிறது என்றே தெரியாது. இந்த வித்தியாசத்தை எந்தப் புத்தகமும் கைக்குள் ஏற்றாது. நல்ல முழங்காலைத் தொட்டு, உடனே அடிபட்டதைத் தொட்டால் ஐந்து நொடியில் தெரிந்துவிடும்.

இப்போது அந்தக் களியக்காவிளைப் பையனுக்கு வருகிறேன். பாறசாலைப் பெண் லாக்மேன் செய்துவிட்டு, "லூஸா இருக்கு சார், ஏ.சி.எல். போயிருக்கும்" என்றாள். பையனின் முகம் வெளுத்துவிட்டது. "மற்ற கால்?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. பார்க்கச் சொன்னேன். அதுவும் அதே அளவு லூஸ், ஆனால் இரண்டும் கடைசியில் கெட்டியாக நின்றன. உடம்பு முழுக்க மூட்டுகள் இளக்கமாக உள்ள பையன் அவன். கட்டைவிரலை மடக்கிக் காட்டச் சொன்னேன், முன்கையைத் தொட்டது. என் தவறு ஒருவனை ஆட அனுப்பியது. இந்தத் தவறு ஒருவனைக் காரணமே இல்லாமல் எம்.ஆர்.ஐ. வரிசையில் நிறுத்தியிருக்கும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஆளை மல்லாக்கப் படுக்கவையுங்கள், தலை தரையில் இருக்க வேண்டும். என்ன ஆச்சு என்று அவன் தலையைத் தூக்கிப் பார்க்கிற வரைக்கும் தொடைத்தசை இளகாது. உங்கள் கை சின்னதாக இருந்தால், உங்கள் தொடையை அவன் முழங்காலுக்கு அடியில் முட்டுக்கொடுங்கள். மணலில் இது இன்னும் வசதி. ஒரு கை முழங்காலுக்குச் சற்று மேலே தொடையை அமுக்கிப் பிடிக்கட்டும், இன்னொரு கை கீழ்க்காலை. பின்தசையை விரலால் தொட்டுப் பாருங்கள், விறைப்பாக இருந்தால் காத்திருங்கள், அவனோடு ஏதாவது பேசுங்கள். முதலில் நல்ல கால், அப்புறம் அடிபட்ட கால். இன்னொன்றும் உண்டு: இழுப்பதற்கு முன் இரண்டு முழங்காலையும் 90 டிகிரி மடக்கி, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் கீழ்க்கால் எலும்பு பின்னால் சரிந்திருந்தால் அறுந்தது பின்புற லிகமென்ட். இதைப் பார்க்காமல் விட்டால், அதை முன்னால் இழுத்துவிட்டு ஏ.சி.எல். என்று தவறாகச் சொல்லிவிடுவோம்.

இதையெல்லாம் விழுந்த சில நிமிடங்களுக்குள் செய்ய வேண்டும். ஓரிரண்டு மணி நேரத்தில் மூட்டுக்குள் ரத்தம் கோத்துக்கொண்டு வீங்கிவிட்டால், எந்தக் கைக்கும் ஒன்றும் பிடிபடாது. அந்த நேரத்தில் மைதானத்தில் இருப்பது நாம் மட்டும்தான், டாக்டர் இல்லை.

என்னிடம் வருகிறவர்கள் முதல் மாதம் 100 நல்ல முழங்கால்களைத் தொட வேண்டும். அறைத்தோழர், அண்ணன், ஆட்டம் தொடங்கும் முன் அணியில் உள்ள எல்லோரும். கெட்டதைத் தேடாமல், நல்லது எத்தனை விதம் என்று கையால் படிக்கட்டும்.

ஸ்ப்ரே

வலியை மறைக்கும், காயத்தை ஆற்றாது. பையில் வைத்திருந்தாலும் கடைசியாக எடுங்கள்.

தலையில் அடி

சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மேனேஜரோடு பேச்சே கிடையாது.

ஆசானைப் பழித்துப் பேசுவது

நம் பகுதியில் காயம் பட்டவர் முதலில் போவது பெரும்பாலும் வர்ம ஆசானிடம்தான், அப்புறம்தான் நம்மிடம். அதைக் கேட்டு முகம் சுளித்தால், அடுத்த முறை அங்கே போனதையே மறைப்பார். எண்ணெய் போட்டுத் தடவினார்களா, எந்த நாளில், எவ்வளவு அழுத்தமாக என்பது நமக்குத் தெரிந்தாக வேண்டிய தகவல்.

ஏன் என்றால், தொடையில் எதிராளியின் முட்டி இடித்து ரத்தம் கட்டியிருக்கும்போது, முதல் சில நாட்களில் அழுத்தித் தேய்த்தால் உள்ரத்தம் கூடும். அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடவும் கூடும். முதல் நாள் முழங்காலை நன்றாக மடக்கி வைத்துக் கட்டிவிடுவதுதான் அங்கே நல்லது. எங்கள் ஊர் ஆசான் ஒருவரிடம் போய் உட்கார்ந்து இதைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "ரத்தக்கட்டு புதுசுன்னா இனி உம்மகிட்ட அனுப்பிட்டுத்தான் கை வைப்பேன்" என்றார். இன்றுவரை அனுப்புகிறார்.

வெயிலில் சுருண்டவனை வண்டியில் ஏற்றுவது

கடற்கரைக் காற்று ஈரமாக இருப்பதால் வேர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. ஆடிக்கொண்டிருந்தவன் உளறுகிறான், தள்ளாடுகிறான், உடல் வெப்பம் 40.5 டிகிரி செல்சியசைத் தாண்டிவிட்டது என்றால், அது உடலுழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக். எல்லோரும் உடனே வண்டியைத் தேடுவார்கள். தேட வேண்டியது ஐஸ் தண்ணீரை. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஏற்ற வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்கினால் பிழைக்க வைக்கலாம். 39-க்குக் கீழே வந்ததும் தண்ணீரில் இருந்து எடுத்துவிடலாம்.

அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், மலக்குடல் வெப்பம்தான் சரியான அளவு. கூச்சப்பட்டு இதைப் பழகாமல் விட்டவர்கள் நிறைய. தொட்டி இல்லையே என்று கேட்பார்கள். படகுத் தார்ப்பாய் ஒன்றை ஆறு பேர் விளிம்பில் தூக்கிப் பிடித்தால் அதுவே தொட்டி. மீனுக்குப் போடுகிற ஐஸ் நம் கரையில் எங்கேதான் இல்லை? ஆட்டத்துக்கு முன்பே இரண்டு பெட்டி சொல்லி வைத்துவிடுவேன்.

வலி போனதும் ஆடவிடுவது

ஏ.சி.எல். அறுவை சிகிச்சைக்குப் பிறகு 9 மாதத்துக்கு முன் களத்தில் இறக்காதீர்கள். அதற்கு முன் திரும்புகிறவர்களுக்கு மறுபடி காயம் படும் வாய்ப்பு அதிகம். 9 மாதம் ஆனாலும் காலத்தை மட்டும் பார்த்தால் போதாது. தொடை வலுவும் ஒற்றைக்கால் தாவலும் மற்ற காலோடு ஒப்பிட்டு 90 சதவீதமாவது வர வேண்டும் என்பார்கள். ஆனால் இந்த மாதங்களில் அந்த நல்ல காலும் இளைத்திருக்கும். இளைத்த காலோடு ஒப்பிட்டு 95 வந்தது என்று சந்தோஷப்படக் கூடாது. அதனால்தான் சீசன் தொடங்கும் முன்பே இரண்டு காலையும் அளந்து வைக்கச் சொல்கிறேன்.

எழுதி வைக்காமல் விடுவது

விழுந்த நேரம், விழுந்த விதம், அவன் சொன்ன வார்த்தை அப்படியே, நல்ல கால், அடிபட்ட கால், என்ன சொல்லி அனுப்பினோம், யாரிடம் சொன்னோம். அரைப் பக்கம் போதும். அவன் "முட்டு விட்டுப்போகுது" என்றால் அதையே எழுதுங்கள், "நிலையின்மை" என்று மாற்றாதீர்கள். மூன்று நாள் கழித்து அவனே "அப்படிச் சொல்லலையே" என்பான்.

அன்று சாயங்காலம் பாறசாலைப் பெண் தன் நோட்டில் எழுதியதைக் காட்டினாள். இடது, வலது, இரண்டும் சமமாக லூஸ், இரண்டும் கடைசியில் கெட்டி, சத்தம் எதுவும் கேட்கவில்லை, ராத்திரி வீக்கம் வந்தால் கூப்பிடச் சொன்னேன் என்று இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு அவளே அந்தப் பையனைக் கூப்பிட்டிருக்கிறாள். வீக்கம் இல்லை. அந்தப் பக்கத்தின் அடியில் நேரம் போட்டு அதையும் எழுதியிருந்தாள்.