படகின் நீரடி உலோகப் பாகங்கள்: கொட்டலசைத் தடுக்க முயன்று செய்யும் தவறுகள்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் மீன்வளப் பெருக்கத்துக்காக விதிக்கப்பட்டது என்றாலும், சென்னைக் காசிமேட்டின் விசைப்படகுகளுக்கு அதுவே பராமரிப்புக் காலமாகவும் அமைகிறது. கரையேற்றிய படகின் அடிப்பலகையைச் சுரண்டிப் பூச்சு அடிப்பதில் காட்டும் அக்கறை, புரொப்பெல்லர், அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட், சுக்கான், கடல்நீர் உள்வாங்கும் துவாரம் ஆகியவற்றுக்கு வரும்போது குறைந்துவிடுகிறது. டப்பாவில் மிஞ்சிய பூச்சை அவற்றின்மீதும் தடவிவிட்டால் போதும் என்று நினைப்பதே முதல் தவறு. மரமும் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்தாதவை. இந்தப் பாகங்களோ உப்பு நீரில் ஒன்றோடொன்று தொடர்புற்று மின்கலம்போல் இயங்கும் உலோகங்கள்.

கடலுயிர் ஒட்டாமல் தடுக்கும் பூச்சுகள் பலவற்றில் செம்பு ஆக்சைடுதான் செயல்படும் பொருள். படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின், நீருக்குள் இறங்கும் அலுமினியக் காலில் அதைப் பூசினால், கொட்டலசு (பார்னக்கிள் எனப்படும், ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டாமல் போகலாம், ஆனால் அலுமினியம் குழிகுழியாக அரிக்கப்படும். இடையில் பிரைமர் அடித்துக்கொண்டால் போதும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. கல்லில் உரசி ஒரு கீறல் விழுந்தாலே அந்தத் தடுப்பு உடைந்துவிடும். அலுமினியத்துக்குரியது என்று டப்பாவிலேயே குறிப்பிட்ட பூச்சைத்தான் வாங்க வேண்டும். இரும்புச் சுக்கானுக்கும் செம்புப் பூச்சுக்கும் இடையே எபாக்ஸி பிரைமர் விடுபடாமல் படிந்திருப்பது கட்டாயம்.

துத்தநாகக் கட்டியைப் பற்றிய தவறுகளே எனக்கு மிகுந்த கவலை தருபவை. மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே ஷாஃப்டிலும் சுக்கானிலும் பொருத்தப்படும் அந்தக் கட்டியின்மீது பூச்சு அடித்தால், அது கரையாமல் பளபளப்பாக நிற்கும். அதன் வேலையைப் புரொப்பெல்லர் தன் உடலைக் கொடுத்துச் செய்யும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வெண்கலம் இயல்பாகவே சிறிது சிறிதாகச் செம்பை வெளிவிட்டு உயிரிகளை ஓரளவு விலக்கும். துத்தநாகம் அந்த அரிப்பை நிறுத்துவதால், பாதுகாக்கப்பட்ட புரொப்பெல்லரில் கொட்டலசு கூடுதலாகவே ஒட்டும். இதைக் கவனித்துத் துத்தநாகத்தைக் கழற்றிவிடுபவர்கள், மாங்கனீசு வெண்கலம் என்று விற்கப்படும் உலோகத்தில் சுமார் 40 விழுக்காடு துத்தநாகமே இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தத் துத்தநாகம் கரைந்து வெளியேறினால், இதழ்கள் இளஞ்சிவப்பாக மாறி, உருவம் குலையாமலே வலுவிழந்து, ஒரு நாள் நடுக்கடலில் முறியும். ஆகவே கட்டி இருந்தே தீர வேண்டும். உலோகத்தோடு உலோகமாக, இடையில் பூச்சின்றிப் பொருந்த வேண்டும். பாதி கரைந்ததும் மாற்றப்பட வேண்டும். ஒட்டுதலைத் தடுக்கும் பொறுப்பைப் புரொப்பெல்லருக்குரிய தனிப் பூச்சிடம் விட வேண்டும். வழுவழுப்பான சிலிகோன் பூச்சு நல்லதுதான் என்றாலும், படகு ஓடும்போதுதான் ஒட்டியவை நழுவி விழும். வாரக்கணக்கில் கட்டிக் கிடக்கும் படகில் அதன் பயன் குறைவு.

எந்தப் பூச்சானாலும் அடித்தளம் சரியில்லையென்றால் நிற்காது. கொட்டலசு சிப்பிபோலத் தோன்றினாலும் நண்டு, இறால் வகையைச் சேர்ந்தது. அதன் கூம்பு உடைந்து விழுந்த பிறகும் வெள்ளை வட்டமாகச் சுண்ணாம்புத் தகடு உலோகத்தில் ஒட்டியிருக்கும். அதன்மேல் பூச்சு அடித்தால், தகட்டோடு சேர்ந்து பூச்சும் உரிந்து வரும். தகட்டை முழுவதும் நீக்கி, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, முரட்டு எமரித் தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். சென்னையின் மே மாத வெயிலில் உலோகம் தொட முடியாதபடி கொதிக்கும்போது பிரைமர் விரைவில் இறுகிவிடுவதால், அடுத்த பூச்சு பற்றுவதற்கான நேரமும் சுருங்கிவிடுகிறது. காலைப் பனி உலர்ந்த பின் நிழல் கட்டிக்கொண்டு வேலை செய்வதே பொருத்தமானது.

கடல்நீர் உள்வாங்கும் குழாய் கண்ணுக்குத் தெரியாததால் மறக்கப்படுகிறது. வலைத்தட்டி போட்டால் உயிரிகள் நுழையா என்பது தவறான நம்பிக்கை; அரை மில்லிமீட்டர் அளவே உள்ள லார்வாக்கள் (அவற்றின் இளம் பருவம்) எந்தத் தட்டியையும் கடந்து, உணவோடு ஓடிவரும் நீரில் வசதியாக வளரும். கல்பாக்கம் அணுமின் நிலையம்கூடத் தன் கடலடிக் குளிர்நீர்ச் சுரங்கத்தில் பச்சை ஆளிகள் என்னும் சிப்பி வகை பெருகுவதைக் கட்டுப்படுத்தக் குளோரின் சேர்க்க வேண்டியிருக்கிறது. படகைச் சில நாள் நிறுத்துவதாயின், வால்வை மூடிக் குழாயை நல்ல தண்ணீரால் நிரப்பி வைக்கலாம். அடைப்பை நீக்க ஆசிட் ஊற்றுவது சுண்ணாம்போடு உலோகத்தையும் தின்னும். அதோடு பிளீச்சிங் பவுடரும் கலந்தால் எழும் குளோரின் வாயு, காற்றோட்டமற்ற எஞ்சின் அறையில் உயிரையே பறிக்கக்கூடும்.

ஒலியை அனுப்பி ஆழம் அறியும் எக்கோ சவுண்டரின் உணர்முகத்தில் சாதாரணப் பூச்சின் கரைப்பான் பட்டால் பிளாஸ்டிக் கெடும். தடித்த பூச்சு ஒலியை மங்கச் செய்யும். அதற்கென்றே விற்கப்படும் பூச்சை மெல்லியதாக ஒரு முறை தடவினால் போதுமானது.

நம் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருப்பதால், ஒட்டும் உயிர்களுக்கு இங்கு ஓய்வுக்காலம் என்று ஒன்றில்லை. தடைக்காலத்தில் ஒரு முறை பார்த்ததோடு விட்டுவிடாமல், இடையிடையே ஆளை இறக்கிப் பார்க்கச் செய்து, கொட்டலசு மிளகளவில் இருக்கும்போதே மரத் துண்டாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ தள்ளிவிட வேண்டும். பெரிதாகும்வரை விட்டு இரும்பு உளியால் கொத்தினால், உலோகத்தில் விழும் ஒவ்வொரு கீறலும் அடுத்த லார்வாவுக்குப் பிடிமானமாகிறது.