உயரமான முன்கூடத்துக்கு விளக்கு வாங்கியபோது

முதலில் மாட்டிய 12 அங்குலத் தொங்குவிளக்கு, 18 அடி உயர முன்கூடத்தில் நூலில் கட்டிய எலுமிச்சை மாதிரித் தெரிந்தது. கடையில் பார்த்தபோது பெரிதாகத்தான் இருந்தது!

பிறகு கணக்குப் போட்டேன். கூடம் 8 அடிக்கு 10 அடி, கூட்டினால் 18. அதையே அங்குலமாக எடுத்தால் விளக்கின் அகலம். விளக்கின் உயரத்துக்கு, கூரையின் ஒவ்வோர் அடிக்கும் இரண்டரை அங்குலம்; ஆக 45.

கணக்கை மட்டும் நம்ப மனம் வரவில்லை. அதே அளவில் அட்டை வெட்டிக் கயிற்றில் தொங்கவிட்டு, வாசலிலிருந்தும் மாடிப்படியிலிருந்தும் இரண்டு நாள் பார்த்தேன். விளக்கின் அடிப்பகுதி தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே வரக் கூடாது என்பார்கள். இவ்வளவு உயரமான கூடத்தில் அதுவும் தாழ்வுதான். மாடித்தளத்தை ஒட்டி, 10 அடியில் நிறுத்தியதும் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. கொக்கியை மட்டும் கான்கிரீட்டிலேயே பதிக்கச் சொன்னேன்.