நாய்க்கு மூட்டு சப்ளிமெண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய் படியேறத் தயங்குகிறது, படுத்து எழும்போது பின்னங்கால் தடுமாறுகிறது என்றதும் பலர் மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் சப்ளிமெண்ட் ஒரு டப்பா வாங்கிச் சாப்பாட்டில் கலக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் தவறே இதுதான். நொண்டுவதெல்லாம் மூட்டுத் தேய்மானம் இல்லை. முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கலாம், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், எலும்பில் கட்டிகூட இருக்கலாம். பின்னங்கால் நகங்களைக் கொஞ்சம் பாருங்கள்: நடக்கும்போது பாதம் மடங்கி, நகத்தின் மேல்பக்கம் தரையில் உரசித் தேய்ந்திருந்தால் கோளாறு நரம்பிலோ தண்டுவடத்திலோ இருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு மூட்டு மாத்திரை கொடுத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம்தான். கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்துச் சொன்ன பிறகுதான் சப்ளிமெண்ட் பற்றிய பேச்சே.

அடுத்தது, நாம் சாப்பிடும் மூட்டு மாத்திரையையே பாதியாக உடைத்துக் கொடுப்பது. தயவுசெய்து வேண்டாம். மனிதர்களுக்கான மெல்லும் மாத்திரைகள் சிலவற்றில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்ப்பார்கள். அது கொஞ்சம் போனாலே நாயின் ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும், கல்லீரலும் கெடலாம். கூடவே சேர்த்திருக்கும் வைட்டமின் டி அளவு மீறினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. வலிக்கிறதே என்று இப்யூபுரூஃபனோ பாராசிட்டமாலோ கொடுப்பது இதைவிட மோசம்.

சரி, நாய்க்கென்றே உள்ளதை வாங்கியாயிற்று. பத்து நாள் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று நிறுத்தாதீர்கள். இவை வலி மாத்திரை இல்லை, பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகலாம். அதேபோல, சப்ளிமெண்ட் ஆரம்பித்துவிட்டோமே என்று மருத்துவர் கொடுத்த வலி மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது. என்னைக் கேட்டால், குளுக்கோசமைனுக்கு இருக்கும் பெயர் அளவுக்கு ஆதாரம் இல்லை, மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3க்கு அதைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள், அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும். மீன் எண்ணெய் என்று காட் லிவர் ஆயிலை வாங்கிவிடாதீர்கள், அதில் வைட்டமின் ஏ, டி அதிகம்.

எல்லாம் கொடுத்தும் நாய் குண்டாகவே இருந்தால் பலன் குறைவுதான். குண்டு நாய்க்கு உடல் எடையில் 6 சதவீதம் குறைந்தாலே நொண்டல் குறைவது ஆய்வில் தெரிந்த விஷயம். விலாவைத் தடவும்போது எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லையா? அப்போது தீனியைக் குறைப்பதிலிருந்து ஆரம்பியுங்கள், அப்புறம் வழுக்கும் தரையில் அது நடக்கும் பாதையில் ஒரு விரிப்பும் போட்டு வையுங்கள்.