டாசிட்டஸை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸை 'ஹிஸ்டரீஸ்' நூலிலிருந்து தொடங்கியவர்கள் பலர் பாதியில் மூடி வைத்துவிடுவார்கள். அது கி.பி. 69-இல் ஆரம்பிக்கிறது. கால்பா, ஓத்தோ, விட்டெல்லியஸ், வெஸ்பாசியன் என்று ஒரே ஆண்டில் நான்கு பேரரசர்கள். போதாததற்கு எந்தப் படை யார் பக்கம் என்ற குழப்பம் வேறு.

முதலில் 'அக்ரிகோலா'. பிரிட்டனை ஆண்ட தன் மாமனாரைப் பற்றி 98-இல் எழுதியது. 46 சிறு அத்தியாயங்கள், ஒரு மாலையில் முடிந்துவிடும். 45-ஆம் அத்தியாயத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கொடுங்கோலன் டொமிஷியன் காலத்தில் சக செனட்டர் ஹெல்விடியஸைச் சிறைக்கு இழுத்துப் போனவை எங்கள் கைகளே என்று செனட்டரான டாசிட்டஸே எழுதுகிறார். பிற்பாடு அவர் எழுதியதில் உள்ள கசப்புக்கெல்லாம் ஊற்று அங்கேதான்.

அடுத்தது 'அன்னல்ஸ்', பாகம் 1 முதல் 6 வரை. பக்கத்தில் ஒரு வம்சாவளித் தாள் கட்டாயம் வேண்டும். அக்ரிப்பினா இருவர்: 33-இல் இறந்த தாய், 59-இல் பேரரசர் நீரோ கொல்லச் செய்த மகள். ட்ரூசஸும் இப்படித்தான்: பேரரசர் டைபீரியஸின் மகன் ஒருவர், அவருடைய தம்பி மகன் ஜெர்மானிக்கஸின் மகன் ஒருவர். பெயருடன் இறந்த ஆண்டையும் குறித்து வைத்தால் ஆள் மாறாது.

ஆறுக்குப் பின் பதினொன்று வருவதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். 7 முதல் 10 வரை முழுதும் தொலைந்துவிட்டன. ஐந்தாம் பாகத்திலும் பெரும்பகுதி இல்லை. பேரரசர் கலிகுலாவின் ஆட்சி மொத்தமும் தொலைந்த அந்த நான்கு பாகங்களோடு போயிற்று. அந்த இடத்தில் பேரரசர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய சூடோனியஸைப் படித்துக்கொள்ளலாம். வம்பு அதிகம், ஆனால் வேறு வழியில்லை.

கையில் பென்சில் இருக்கட்டும். "என்று சிலர் சொன்னார்கள்", "வதந்தி பரவியது" என்று வரும் இடமெல்லாம் கோடிடுங்கள். டாசிட்டஸ் பொய் சொல்வது அரிது; சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு விலகிக்கொள்வதில் மன்னன். 64-ஆம் ஆண்டில் ரோம் நகரில் பரவிய பெருந்தீ தற்செயலா, நீரோவின் சதியா என்பது உறுதியில்லை என்றே 15.38-இல் (பாகம் 15, அத்தியாயம் 38) எழுதுகிறார். படித்து முடித்தவர் நினைவில் நிற்பதோ சதி மட்டும்தான்.

சொற்பொழிவுகளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. "பாழாக்கிவிட்டு அதை அமைதி என்கிறார்கள்" என்ற புகழ்பெற்ற வரி, அக்ரிகோலாவின் எதிரி கல்காகஸின் வாயில் டாசிட்டஸ் வைத்தது. அதை அவருடைய சொந்தத் தீர்ப்பாக மேற்கோள் காட்டுவோர் ஏராளம்.

உரைகளை எந்த அளவுக்கு மாற்றி எழுதுவார் என்று சோதிக்க வழி உண்டு. கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுப் பிரமுகர்களைச் செனட்டில் சேர்க்கக் கோரி 48-இல் பேரரசர் கிளாடியஸ் ஆற்றிய உரையின் பெரும்பகுதி, லியோன் நகரில் கிடைத்த வெண்கலப் பலகையில் இருக்கிறது. அதன் மொழிபெயர்ப்பை 11.24-உடன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வாதம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் கிளாடியஸ் சுற்றி வளைத்துப் பேசியதும், நடுவே தன் பேச்சைத் தானே கடிந்துகொண்டதும் டாசிட்டஸிடம் இல்லை.